தம்பிக்கு ஒன்றரை வருஷத்துல மூணு கண்ணாடி, இனி யாருகிட்ட காட்டுறது?

கொழுந்துக்கூடை:
தம்பிக்கு 24 வயசு, ஹட்டன்ல த்ரீவீல் ஓட்டுறான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கடையில "சிலிண்டர் கூடியிருக்கு"னு, அதான் கண்ணாடி நம்பர்ல ஒரு பவர், புதுசு குடுக்குறாங்க, நாலு மாசம் நல்லாருக்கும் அப்புறம் பழைய கததான். இப்ப ராத்திரில எதுக்க வர்ற லைட்டெல்லாம் வால் மொளச்ச மாதிரி தெரியுதாம், பனி நேரத்துல கேக்கவே வேணாம். வலது கண்ணு ரொம்ப மோசம். தோட்டத்து டிஸ்பென்சரில சொட்டு மருந்துதான் குடுத்தாங்க. கொழும்புக்கே போகணுமா, டாக்டர் லெட்டர் வேணுமா?

பண்டாரவளையான்:
கண்ண கசக்கிக்கிட்டே இருப்பானா அக்கா? எனக்கும் இப்பிடித்தான், கெரட்டோகோனஸ். கண்ணுக்கு முன்னால இருக்குற கண்ணாடிப் படலம், கோர்னியா, மெலிஞ்சு கூம்பு மாதிரி தள்ளிக்கிட்டு வரும், அதான் எந்த நம்பரும் நிக்காது. எனக்கு 19ல ஆரம்பிச்சது, பேரு தெரிஞ்சது 27ல, அதுக்குள்ள கண்ணாடிக்குக் கொட்டுன காசுல ஒரு பசு வாங்கியிருக்கலாம். தம்பிக்கும் அதுதானானு டொப்போகிராபி, அதாவது கோர்னியாவோட வளைவ அளக்குற படம், எடுத்தாத்தான் தெரியும். ஏறிக்கிட்டே இருந்தா க்ரொஸ்லிங்கிங் செய்வாங்க, விட்டமின் பி2 சொட்டு விட்டு யூவி வெளிச்சம் காட்டுறது, போன பார்வை திரும்பாது ஆனா இருக்குறத புடிச்சு வைக்கும். வழக்கமான முறைக்கு படலம் 400 மைக்ரோன் தடிப்பாவது இருக்கணும், அதனால தள்ளிப்போடாதீங்க. கசக்குறத இன்னைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க.

கிளினிக்_அக்கா:
லெட்டர் வாங்கிக்கிட்டு கண்டி தேசிய வைத்தியசாலை கண் கிளினிக்குக்குப் போங்க, கொழும்பு தேவைன்னா அவங்களே அனுப்புவாங்க. லெட்டர்ல "பார்வை மங்கல்"னு மட்டும் இருந்தா கெட்டரெக்ட், அதான் கண்புரை, காட்ட வந்த தாத்தாமாரோட ஒரே லைன்தான், அதனால எத்தன மாசத்துல சிலிண்டர் எவ்வளவு ஏறுச்சு, எந்தக் கண்ணு, கெரட்டோகோனஸ் சந்தேகம்னு எழுதச் சொல்லுங்க. பழைய கண்ணாடி நம்பர் எழுதுன சீட்டு மூணையும் கொண்டு போங்க, அதுதான் சாட்சி. கொன்டெக்ட் லென்ஸ் போடுறவர்னா டெஸ்டுக்கு எத்தன நாள் முந்திக் கழட்டணும்னு கேட்டுக்கங்க. திடீர்னு கண்ணு வெள்ள பூத்து வலிச்சா கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கொழுந்துக்கூடை:
அம்மா இத வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு கண்ணையே மாத்தணுமான்னு அழுகுது.

பண்டாரவளையான்:
கண்ண மாத்துறதில்ல அக்கா, அந்தப் படலத்த மட்டுந்தான், அதுவும் முத்திப் போனவங்களுக்கு. நெறைய பேருக்கு கடின கொன்டெக்ட் லென்ஸே போதும், நான் அதோடதான் இத டைப் பண்றேன். அப்பிடி மாத்த வேண்டி வந்தாலும் நம்ம நாட்டுல 1961ல இருந்து கண்தான சங்கம் இருக்கு, வெளிநாட்டுக்கே கோர்னியா அனுப்புறவங்க நாம. லெட்டர் எப்ப எடுக்கப் போறீங்க?

கொழுந்துக்கூடை:
திங்கக்கெழம. எனக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளந்தான் விழும், பரவாயில்ல. ராத்திரி ஹயர் போகாதேன்னு சாவிய வாங்கி வச்சிட்டேன், மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு திரியுறான்.