‘போலி மின்வாய்’ வேண்டாம்: குளோரைட்டு ஏறிய வெள்ளிக் கம்பிக்கு ஒரு பெயர்

வணக்கம்.

பென்சில் கரியிலும் வெள்ளிக் கம்பியிலும் மின்னிரசாயன உணரி செய்யும் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. திருகோணமலைப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதுவதால் மின்வாய், ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று நம் பாடநூல் வழக்கையே எடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் மின்முனை என்றும் சொல்வார்கள். அதை ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

வினை நடக்கும் தொழிற்படு மின்வாய்க்குத் தொல்லை இல்லை. 0.5 மில்லிமீற்றர் பென்சில் கரிக்குச்சியில் நுனி 10 மில்லிமீற்றரை விட்டு மேலே கியூட்டெக்ஸ் பூசினால், கரைசல் தொடும் பரப்பு ஏறத்தாழ 16 சதுர மில்லிமீற்றர். மின்னோட்டத்தின் சுற்றை முடிக்கும் துணை மின்வாய் பூச்சில்லாத இன்னொரு குச்சி. மூன்றாவதான மாட்டேற்று மின்வாய்தான் சிக்கல்: தொழிற்படு மின்வாயின் அழுத்தத்தை இதனோடு ஒப்பிட்டே அளக்கிறோம். 1 மில்லிமீற்றர் தடிப்பான வெள்ளிக் கம்பியைப் பத்தரிடம் ‘சுத்த வெள்ளி’ என்று கேட்டு வாங்க வேண்டும். நகைக்கு உருக்கிய வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பும் வினைப்படுவதால் அளவீடு ஓரிடத்தில் நிற்காது. கம்பியை 600 ஆம் இலக்க மண்தாளால் தேய்த்து, கழுவி, துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் 30 நிமிடம் வைத்தால் பளபளப்புப் போய்ச் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம் ஏறும். அதுதான் வெள்ளிக் குளோரைட்டு. காய்ச்சி வடித்த நீரில் அலசியபின் விரல் படக்கூடாது.

இதை அப்படியே மாதிரி நீரில் இறக்கும்போது ‘போலி மாட்டேற்று மின்வாய்’ என்கிறார்கள். இந்தப் பெயர் கம்பிக்கு அநியாயம். தன்னைச் சுற்றியுள்ள குளோரைட்டை அது ஒழுங்காகவே பின்தொடர்கிறது: குளோரைட்டு பத்து மடங்கானால் 25 பாகை செல்சியசில் அதன் அழுத்தம் 59 மில்லிவோல்ற்று இறங்கும். கடல்நீரில் லீற்றருக்குக் குளோரைட்டு ஏறத்தாழ 19 கிராம். 180 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில் எடுத்த வளையியோடு (அழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்த கோடு) கடல்நீர் வளையியை வைத்துப் பார்த்தால் உச்சிகள் 120 மில்லிவோல்ற்று விலகி நிற்கும். உச்சி நிற்கும் இடத்தை வைத்தே உலோகத்தை அடையாளம் காண்கிறோம்; ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் நியம அழுத்த வித்தியாசமே 277 மில்லிவோல்ற்றுத்தான். ஆகவே பெயரே பிள்ளையை எச்சரிக்க வேண்டும். உப்புக்கரைசலோடு குழாயில் அடைத்ததை ‘நிலைமின்வாய்’ என்றும், வெறுங்கம்பியைச் ‘சார்மின்வாய்’ என்றும் சொல்லலாமா?

—

தம்பி, ‘போலி’யை விலக்கியது மிகச் சரி. ஆனால் நிலைமின்வாய் நிற்காது. நிலைமின்னியலை முன்னமே படித்த பிள்ளை அதை நிலைமின் + வாய் என்றுதான் பிரிக்கும். சார்மின்வாயிலும் குறை உண்டு: எதைச் சார்ந்தது? சொல்ல வேண்டியதையே அது விட்டுவிடுகிறது.

மாட்டேற்று என்ற சொல்லை மாற்ற வேண்டாம். மாட்டெறிதல் இலக்கண உரைகளில் ஊறிய சொல். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தோடு பொருத்திக் காட்டுவது. இந்த மின்வாய் செய்வதும் அதுதான். சுருக்குகிறோம் என்று ‘மாட்டு மின்வாய்’ ஆக்கினால் மட்டும் பொருள் கெடும்.

இரண்டு மின்வாய்க்கும் வித்தியாசம் உப்பு யாருடையது என்பதே. குழாயில் உள்ளது தன் உப்பைத் தானே வைத்திருக்கிறது. வெறுங்கம்பி நீரில் கிடைத்த உப்பை நம்பி நிற்கிறது. தன்னுப்பு மின்வாய், புறவுப்பு மின்வாய் என்று வைத்துப் பாருங்கள்.

பெயரோடு சேர்த்து இந்தச் சோதனையையும் கையேட்டில் போடுங்கள். ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கறியுப்பு 5.84 கிராம் கரையுங்கள். அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து 100 ஆக்கினால் பத்தில் ஒரு பங்குச் செறிவு. மல்ரிமீற்றரின் சிவப்பு வயரில் வெறுங்கம்பி, கறுப்பில் குழாய். ஐதான நீரில் 130 மில்லிவோல்ற்று அளவில் நிற்கும். இரண்டையும் அலசி, ஒற்றி எடுத்து, செறிந்த நீரில் வைத்தால் 75க்கும் 80க்கும் இடையில் வந்து நிற்கும். குழாயின் உப்பு மாறவில்லை, வெளியுப்புத்தான் மாறியது. பெயரின் பொருளைப் பிள்ளை மீற்றரிலேயே வாசித்துவிடும்.

—

அக்கா, ‘வெளியுப்பு’ என்று உங்கள் கடைசி வரியில் தானாக வந்ததையே எடுத்துக்கொள்வோம். புறவுப்பை வாய்விட்டு வாசித்தால் ‘புறவு’ என்று உடைகிறது. தன்னுப்பு, வெளியுப்பு: இந்தச் சோடி நன்றாகப் பொருந்துகிறது.

ஓர் எல்லை மட்டும் வேண்டும். குளோரைட்டு உப்பே இல்லாத கரைப்பானில் வெறும் வெள்ளியையோ பிளாற்றினத்தையோ இதே வேலைக்கு வைப்பார்கள்; அங்கே வெளியுப்பு என்பது பொருந்தாது. அதற்குப் பொதுப்பெயராகப் ‘புறச்சார்பு மாட்டேற்று மின்வாய்’ இருக்கட்டும். வெளியுப்பு அதன் ஒரு வகை.

குழாய் செய்யும் பகுதியை இப்படித் திருத்தியிருக்கிறேன். 100 மில்லிலீற்றர் கரைசலில் பொற்றாசியம் குளோரைட்டு 22.4 கிராம். அதில் கொஞ்சத்தை எடுத்து, 100 மில்லிலீற்றருக்கு 3 கிராம் கணக்கில் அகர் அகர் போட்டு, தெளியும்வரை சூடாக்கி, கண்ணாடித் துளிக்குழாயின் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் உறிஞ்சி உறையவிட வேண்டும். மேலே மீதிக் கரைசல், அதற்குள் கம்பி. பலரும் தவறுவது இங்கேதான்: இவ்வளவு செறிந்த குளோரைட்டு, கம்பியில் ஏறிய மெல்லிய வெள்ளிக் குளோரைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். முன்கூட்டியே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டு, கலங்கல் தெரிந்தபின் நிரப்பினால் பூச்சுத் தப்பும். அகருக்கு மேலே காற்றுக்குமிழி நின்றால் கையைக் கிட்டக் கொண்டுபோனாலே மீற்றர் துள்ளும். தட்டி மேலே ஏற்ற வேண்டும். ஈயம் பற்றவைத்த இணைப்புக் கரைசலில் நனையக் கூடாது. வேலை முடிந்ததும் நுனியை அதே கரைசலில் ஊறவிட்டு இருட்டில் வைக்க வேண்டும். அகர் காய்ந்தால் வெடிப்பு விழும், வெளிச்சம் பட்டால் பூச்சுக் கறுக்கும்.

கண்டல் சேற்று நீருக்கு வெளியுப்பு ஆகவே ஆகாது. ஐதரசன் சல்பைட்டு நேரே வெள்ளியைத் தொட்டுக் கறுப்புச் சல்பைட்டாக்கிவிடும். பிறகு கம்பி குளோரைட்டைப் பின்தொடர்வதை விட்டுவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஏழும் ஏழு சூடு. 40 பாகையில் 59 என்பது 62 ஆகிறது. அங்கே நீரை ஆறவிட்டு ஒரே வெப்பநிலையில் அளப்பதே நல்லது.

சீட்டில் எழுதும் முறையையும் சொல்லோடு சேர்த்து முடிவு செய்வோம். தன்னுப்புக்கு அதன் உப்பும் செறிவும்: ‘தன்னுப்பு, பொற்றாசியம் குளோரைட்டு, லீற்றருக்கு 3 மூல்’. வெளியுப்புக்கு அளந்த நீரின் குளோரைட்டு: ‘வெளியுப்பு, நிலாவெளிக் கிணறு, லீற்றருக்கு 180 மில்லிகிராம்’. குளோரைட்டு எழுதாத வெளியுப்பு வளையியைக் கையேட்டில் சேர்க்கப் போவதில்லை.