வார்டு வார்டாகக் காற்றை அளக்க வேண்டுமா? வேலூர் மாநகராட்சி பற்றி ஒரு வாக்குவாதம்

பாலாற்றுக்கரை:
வேலூர் காற்று எப்படி இருக்கிறது என்று போனில் தேடினால், வசந்தபுரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் தானியங்கி நிலையத்தின் காற்றுத் தர எண் வருகிறது. அது வசந்தபுரத்துக் காற்று. கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கிறவர், காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர், சிஎம்சி எதிரில் மருந்துச் சீட்டோடு நடக்கிற நோயாளி, இவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று அதில் தெரியாது. 60 வார்டு இருக்கிற மாநகராட்சி பத்துப் பன்னிரண்டு இடத்திலாவது தானே காற்றை அளந்து, அந்தக் கணக்கை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்கிறேன். மறுக்கிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஓட்டேரி_வாசி:
நான் மறுக்கிறேன். 1981 காற்றுச் சட்டப்படி அளப்பதும் ஆலைக்கு நோட்டீஸ் விடுவதும் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சிக்குத் தெரு கூட்டவே ஆள் பற்றவில்லை. இதில் மெஷின் வாங்கி, அதற்கு ஆள் போட்டு, ரிப்பேர் பார்த்து... யாருக்கு என்ன லாபம்? தூசு இருக்கிறது என்பது துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும். சதுப்பேரி குப்பைமேட்டுப் புகை எப்படி அடங்கியது? குப்பையைப் பிரித்து வாங்கி, அங்கங்கே உரக்கூடம் வைத்து, மேட்டில் கொட்டுவதை நிறுத்தியதால். ஒரு கருவியும் அதற்குத் தேவைப்படவில்லை.

பாகாயம்_பொண்ணு:
நான் இப்போது இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே காற்றைப் பார்ப்பது நகர மன்றத்தின் கடமை, 1995 சுற்றுச்சூழல் சட்டத்திலேயே அது இருக்கிறது. எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் கட்டியிருக்கும், வாய் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும், மேல் மூடிக்குள் ரசாயனம் தடவிய சின்னக் கம்பி வலை. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை அது இழுத்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி லேபுக்கு அனுப்புவார்கள். கரன்ட் வேண்டாம், செலவும் ரொம்பக் குறைவு. ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினால், அந்தப் பகுதியைக் காற்றுத் தர மேலாண்மைப் பகுதி என்று மன்றமே அறிவித்து, என்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் எழுதியாக வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கையும் உண்டு. நம் ஊரிலும் அந்த வாயுவுக்கு ஆண்டு வரம்பு அதே 40 தான், அண்ணா.

ஓட்டேரி_வாசி:
அம்மா, உங்கள் ஊரில் பிரச்சனை டீசல் கார். இங்கே பிரச்சனை புழுதி. அந்தக் குழாயில் ஒரு பொட்டுத் தூசு கூட அளக்க முடியாது. மாதம் முடிந்து லேபிலிருந்து பேப்பர் வருவதற்குள் பள்ளம் தோண்டினவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அப்புறம் பணம் எங்கிருந்து வரும்? காற்றைச் சுத்தப்படுத்த மத்திய அரசு பணம் தரும் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019ல் வந்தபோது தமிழ்நாட்டில் தூத்துக்குடியை எடுத்தார்கள், பிறகு திருச்சி, சென்னை, மதுரையைச் சேர்த்தார்கள். நம் ஊர் அதில் இல்லை.

பாலாற்றுக்கரை:
ஏன் இல்லை என்று யோசித்தீர்களா சார்? தொடர்ந்து ஐந்து ஆண்டு அளந்து, வரம்பைத் தாண்டுகிறது என்று காட்டினால்தான் நம்மைப் போன்ற ஊர் அந்த மாதிரிப் பட்டியலில் ஏறும். அளக்காத இடத்தை எதை வைத்துச் சேர்ப்பார்கள்? சட்டம் வாரியத்துடையது என்பது சரி. ஆனால் தெருவில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் சொன்னதே, தெருவில் போய் அதை யார் வசூலிக்க வேண்டும்? ரோடு தோண்ட அனுமதி, வீடு கட்ட அனுமதி, இடித்த கட்டிட மண்ணை எங்கே கொட்டுவது என்பது எல்லாம் யார் கையில்? தூசு கிளம்புகிற இடமெல்லாம் மாநகராட்சி கையில் இருக்கும்போது அளவு மட்டும் வேறு ஆபீஸில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சென்சார்_காட்பாடி:
இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்ததால் சொல்கிறேன். வாரியத்தின் பழைய முறையில் வெள்ளைக் கண்ணாடி இழைத் தாளை எடை போட்டுக் கருவியில் வைத்து, எட்டு மணி நேரம் காற்றை இழுத்து, எடுத்து மறுபடி எடை போடுவார்கள். வைக்கும்போது பளிச்சென்று இருக்கிற தாள், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வைத்தால் எடுக்கும்போது அடுப்புக்கரி துடைத்த துணி மாதிரி வரும். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள். நம்பகமான முறை, ஆனால் ஆள் வேண்டும். இப்போது சில ஆயிரம் ரூபாயில் லேசர் சென்சார் கிடைக்கிறது. அதில் ஒரு சிக்கல்: நம் ஊர் மலையடிவாரத்தில் மார்கழிக் காலைப் பனியில் ஈரம் ஏறிய தூசு பெரிதாகத் தெரியும், எண் கூடுதலாகக் காட்டும். முதலில் சில வாரம் வசந்தபுரம் நிலையத்தின் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுத் திருத்தம் போட்ட பிறகுதான் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, அரசு வெளியிடும் தர எண் தூசுக்கு 24 மணி நேரச் சராசரியில் வருவது. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் எழும்பும் புழுதி அந்தச் சராசரியில் கரைந்து போகும். ஓட்டேரி சார் சொல்கிற பிரச்சனையைப் பிடிக்க மணிக்கணக்கில் காட்டும் கருவிதான் உதவும்.

ஓட்டேரி_வாசி:
பிடித்து என்ன செய்வது தம்பி? எங்கள் பக்கத்தில் குழாய் பதித்துவிட்டு மேலே மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போனார்கள். லாரி போகும்போதெல்லாம் அது இட்லிக் கடை வரை வந்தது. அந்தக் கடை அம்மா தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டிவிட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை வாசலில் தண்ணீர் தெளித்தார், அவர் செலவில். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: தோண்டினவன் தார் போட்டு மூடும் வரை பில் பாஸ் ஆகக் கூடாது, மண் லாரி தார்ப்பாய் இல்லாமல் ஊருக்குள் வரக் கூடாது.

பாலாற்றுக்கரை:
அந்த இட்லிக் கடையிலிருந்தே பேசுவோம் சார். தண்ணீர் தெளித்தேன், மூடிவிட்டேன் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தால் பில் பாஸ் ஆகிவிடும். எதிரே கம்பத்தில் ஒரு கருவி இருந்து, பெரிய தூசு, அதாவது பிஎம் 10, நாள் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியது தேதியோடு பதிவாகியிருந்தால் அவரால் அப்படி எழுத முடியுமா? நம் ஊர்ப் பேரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, 1996 வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கு. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது தோல் தொழிற்சாலைகள் மேல் போட்ட அந்த வழக்கில்தான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கணக்கெடுத்தது கோர்ட்டில் எடுபட்டது. பயிர் கருகுகிறது, கிணறு கெட்டுவிட்டது என்று விவசாயிகள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாகாயம்_பொண்ணு:
இங்கேயும் அப்படித்தான். பள்ளிக்கூடம் பக்கத்தில் ரோட்டை மூடச் சொல்லி அம்மாமார் கேட்கும்போது மன்றக் கூட்டத்தில் அந்தக் குழாய்க் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

ஓட்டேரி_வாசி:
வழக்கு விஷயம் நியாயமான பாயிண்ட், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் கூட்டுகிறவர் சம்பளத்தில் கை வைத்துக் கருவி வாங்கினால் முதலில் எதிர்ப்பவன் நான்தான். தோண்டுகிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கருவிச் செலவையும் தூசுக் கட்டுப்பாட்டையும் கான்ட்ராக்டர் தலையில் எழுதுங்கள், படிப்பதை மட்டும் மாநகராட்சி வைத்துக்கொள்ளட்டும். அப்படியென்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

பாலாற்றுக்கரை:
அப்படியே மனுவில் சேர்க்கிறேன் சார். கிரீன் சர்க்கிள், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், தோட்டப்பாளையம், உங்கள் இட்லிக் கடைத் தெரு, இந்த நாலு இடத்தில் போகிக்கு முன்னாடி ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்போம். வேறு இடம் சேர்க்க வேண்டுமென்றால் வார்டு எண்ணோடு இங்கே எழுதுங்கள்.