தடைக்காலத்துல தரங்கம்பாடி வஞ்சிரமாம்!

அகழிமுதலை: லீவு முடியறதுக்குள்ள வேலூர்லேர்ந்து கடலோரம் எங்கே போகலாம்னு ஒருத்தர் கேட்டதுக்கு நேத்து மக்கன்பேடா சொன்ன பதில் இது: "மே கடைசியில தரங்கம்பாடி போங்க. கோட்டையைப் பாருங்க. காலையில கரையிலேயே புத்தம்புது வஞ்சிரம் மலிவா வாங்கி வறுத்துச் சாப்பிடுங்க." அதுக்குக் கைதட்டல் வேற. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம், முழுசா 61 நாள். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அப்போ அந்த வஞ்சிரம் ஏது? 1620ல கோட்டை கட்டின டென்மார்க்காரன் உப்புப் போட்டு வச்சிட்டுப் போனதா?

மக்கன்பேடா: முதலையாரே, தடை விசைப்படகுக்கும் இழுவலைக்கும்தான். நாட்டுப்படகு, ஃபைபர் படகு, கட்டுமரத்துக்குக் கிடையாது. மீனோட செவுள் மாட்டிக்கிற செவுள் வலை விட்டா வஞ்சிரமும் ஏறும். பாதிச் சட்டத்தைப் படிச்சிட்டு தீர்ப்பு எழுதாதீங்க.

அகழிமுதலை: ஏறும். எத்தனை ஏறும்? கரையை ஒட்டிப் போற ஃபைபர் படகுல அந்த மாசம் நெத்திலி, மத்தி, காரப்பொடி, சங்கரா, நண்டு வரும். தப்பித்தவறி மாட்டுற ஒண்ணு ரெண்டு வஞ்சிரமும் ஏலத்துல வியாபாரி கைக்குப் போயிடும். "மலிவா"ன்னு எழுதினீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க. தடைக்காலத்துல வஞ்சிரம் மலிவா கிடைச்சா அது மேற்குக் கரையிலேர்ந்து ஐஸ்ல வந்தது. அங்க ஜூன்லதான் தடை. நம்ம வேலூர் மார்க்கெட்டுக்கு வர்ற அதே லாரி மீனைத் தின்ன 270 கிலோமீட்டர் போகணுமா?

காட்பாடி_ஜங்ஷன்: முதல்ல "புதுசு"ன்னா என்ன? இன்னிக்குப் பிடிச்சதா, ஐஸ்ல கெடாம வந்ததா? அதைப் பேசிட்டு சண்டை போடலாமே.

ஆரணிப்பட்டு: 270ஆ? திருவண்ணாமலை சுத்திப் போனா அப்படித்தான் ஆகும். ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, விழுப்புரம்னு போங்க, குறையும்.

அகழிமுதலை: ஆரணிக்காரர் ஆரணி வழியாத்தான் கூட்டிட்டுப் போவார். மக்கன், வஞ்சிரம் என்னாச்சு?

பாலாற்றுமணல்: இன்னாபா இது, கடலுக்குப் போறீங்களா மீன் மார்க்கெட்டுக்குப் போறீங்களா? புள்ளைங்கள வச்சிக்கினு ஒரே நாள்ல போய் வர்றதுன்னா மாமல்லபுரம்தான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா 135 கிலோமீட்டர் சொச்சம். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பணும், 9 மணிக்குள்ள கடற்கரை வேலைய முடிச்சிடணும். மேற்கேர்ந்து வர்ற மேல்காத்து பலமா அடிக்கிற நாள்ல மதியம் 2 மணி ஆனாலும் கடல்காத்து கரை ஏறாது. அதுவரைக்கும் அங்கயும் நம்மூரு வெயில்தான். முட்டிக்கு மேல தண்ணியில எறங்க வேணாம், இழுப்பு ஜாஸ்தி. இழுத்துட்டா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாம, கரையை ஒட்டின வாக்குல பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். எதிர்த்து நீந்தித்தான் பாதிப்பேரு சோர்ந்து போயிடறாங்க.

மக்கன்பேடா: மணல் அண்ணே சொல்றது சரி. ரெண்டு நாள் இருக்கறவங்களுக்குத்தான் தரங்கம்பாடி. வழியில பிச்சாவரம் பாருங்க, சிதம்பரத்துலேர்ந்து 15 கிலோமீட்டர்தான். துடுப்புப் படகு எடுங்க. மோட்டார் படகு குறுகலான கால்வாய்க்குள்ள நுழையாது, காசு தண்டம்.

அகழிமுதலை: பேச்சை மாத்தாதீங்க. வஞ்சிரம்.

மக்கன்பேடா: ஐயோ சாமி! செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கணும். கண்ணு தெளிவா, உப்பலா இருக்கணும். விரல்ல அமுக்கினா குழி நிக்கக் கூடாது. இந்த மூணும் இருந்தா வாங்குங்க. எந்தக் கரை மீனா இருந்தா என்ன?

அகழிமுதலை: பார்த்தீங்களா! நேத்து "கரையிலேயே", இன்னிக்கு "எந்தக் கரையா இருந்தா என்ன". ஏலகிரிப் பேச்சு வந்தப்பவும் இதே குட்டிக்கரணம்தான் அடிச்சார், பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இன்னொண்ணு. இவர் பேச்சைக் கேட்டு வஞ்சிரம் வாங்கி ஊருக்குக் கொண்டு வர்றவங்களுக்குச் சொல்றேன். குடலையும் செவுளையும் அங்கயே எடுத்துடுங்க. 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், அதுவும் உடைச்ச ஐஸ். தெர்மாகோல் பெட்டியில ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன்னு வைங்க. அடியில ஓட்டை போடுங்க. உருகின தண்ணியில மீன் ஊறினாதான் நாத்தம் பிடிக்கும். வஞ்சிரம் கானாங்கெளுத்தி இனம். குளிர் விட்டுப்போனா சதையில ஹிஸ்டமின்ங்கிற வேதிப்பொருள் சேரும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலி, அரிப்புன்னு வந்து "அலர்ஜி"ன்னு மாத்திரை தேடுவீங்க.

ஆரணிப்பட்டு: அவ்வளவு பயம்னா நண்டு வாங்கிட்டுப் போங்களேன், உயிரோட கிடைக்கும். செஞ்சி வழிதான் குறைவுன்னு இன்னும் யாரும் ஒத்துக்கல.

காட்பாடி_ஜங்ஷன்: மறுபடியும் கேட்கிறேன், "புதுசு"ன்னா என்ன?

மக்கன்பேடா: தமிழ்நாட்டுலயே விசைப்படகு வஞ்சிரம்தான் வேணும்னா குளச்சல் போங்க. குமரி மாவட்டத்து மேற்குக் கரையில தடை ஜூன் 1லதான் ஆரம்பம். மே முழுக்கப் படகு போகும். ஆனா கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க. காத்தே இல்லாத நாள்லயும் தூரத்துலேர்ந்து அலை வந்து கரையேறும். முதலையார் அகழித் தண்ணியிலயே இருக்கறவர், அலையைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?

அகழிமுதலை: குளச்சல் எங்கே, தரங்கம்பாடி எங்கே? 2 வார்த்தைதான் கேட்டேன்: "கரையிலேயே", "மலிவா". ரெண்டுக்கும் பதில் வரல.

பாலாற்றுமணல்: யாராச்சும் திருக்கழுக்குன்றத்தாண்ட இப்ப ரோடு எப்படி கீதுன்னு சொல்லுங்கபா.

அகழிமுதலை: ரோடு அப்புறம். மக்கன், வஞ்சிரம்?