‘தி ஹீப்ரூ ஹேமர்’ விமர்சனமும் ஏழா எட்டா ஒன்பதா சண்டையும்

அகல்:
நேத்து ரீல்பெட்டி போட்ட விமர்சனத்துல ரெண்டு வரி: ‘2003ல் வந்த தி ஹீப்ரூ ஹேமர் யூதர்களைக் கேவலப்படுத்தும் படம். ஏழு மெழுகுவர்த்தி ஏற்றும் ஹனுக்கா பண்டிகையைக்கூட விட்டுவைக்கவில்லை.’ முதல் வரி அவர் கருத்து, வச்சுக்கட்டும். ரெண்டாவது சுத்தத் தப்பு. ஹனுக்கா விளக்குல ஒன்பது. எட்டு ராத்திரிக்கு எட்டு, மத்ததை ஏத்தி வைக்க ஒண்ணு. அந்த ஒண்ணுக்குப் பேர் ஷமாஷ். ஏழுன்னு யார் சொன்னது?

ரீல்பெட்டி:
இஸ்ரேல் அரசு முத்திரையைப் பாருங்கள், ரோமில் டைட்டஸ் வளைவுச் சிற்பத்தைப் பாருங்கள். ஏழு கிளை. எனக்கும் எண்ணத் தெரியும். இனி படத்தைப் பற்றிப் பேசலாமா? நச்சரிக்கும் அம்மா, எதற்கெடுத்தாலும் குற்றவுணர்ச்சி, ஓயாத புலம்பல். எல்லாம் யூதர்மேல் காலங்காலமாகக் குத்தப்படும் முத்திரைகள்தான். இதில் புதுசாக என்ன நையாண்டி?

அகல்:
அது ஜெருசலேம் கோயில்ல இருந்த மெனோரா. அதுக்கு ஏழு, சரி. அந்தக் கோயில் விளக்கை அச்சு அசலா ஏழு கிளையோட செய்யக் கூடாதுன்னு யூத சமயச் சட்ட நூலான தால்முத்லயே தடை இருக்கு. ஹனுக்காவுக்கு ஏத்துறது ஹனுக்கியா. அதுல ஒன்பது. ஒருவேளை அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொண்டாடுற க்வான்ஸா பண்டிகை விளக்கோட குழப்பிக்கிட்டீங்களோ? அந்தக் கினாராவுக்கு ஏழுதான்: நடுவுல கறுப்பு ஒண்ணு, சிவப்பு மூணு, பச்சை மூணு. 1966ல மௌலானா கரேங்கா ஆரம்பிச்சது, டிசம்பர் 26லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும். படத்துல வில்லன் அழிக்கக் கிளம்புறது ஹனுக்கா, க்வான்ஸா ரெண்டையும். ரெண்டையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டிட்டீங்க.

பழைய புரொஜெக்டர்:
ரீல்பெட்டி சார், படம் கேலி பண்ணுறது முதல்ல 1971ல கிளம்பின கறுப்பின ஹீரோ படங்களைத்தான். நீளக் கறுப்புக் கோட்டு, தொப்பி, ரெண்டு துப்பாக்கி, கழுத்துல தங்கச் சங்கிலி, எல்லாம் அங்கிருந்து சுட்டது. அந்தச் சட்டைக்குள்ள மொர்டெகாய் ஜெஃபர்சன் கார்வர்னு ஒரு யூதப் பையனை நுழைச்சா என்ன ஆகும், அதுதான் ஜோனதன் கெசல்மன் எடுத்த படம். க்வான்ஸா விடுதலை முன்னணித் தலைவரா வர்றது மரியோ வான் பீபிள்ஸ். அந்த வகைப் படத்தைத் தொடங்கி வச்சவங்கள்ல ஒருத்தரான மெல்வின் வான் பீபிள்ஸோட மகன். மெல்வினே தலைகாட்டிட்டுப் போறார். ‘கேவலம்’னா இவ்வளவு பேர் கூடியிருப்பாங்களா?
பி.கு: விளக்கு எட்டுதான். ஷமாஷ் கணக்குல வராது.

ரீல்பெட்டி:
கூட்டம் கூடினால் கேவலம் இல்லை என்று ஆகிவிடுமா? நல்ல அளவுகோல்.

அகல்:
எட்டா? புரொஜெக்டர், கடையில ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டில 44 இருக்கும். ஏன் 44? ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் கூட்டுங்க, 36. ராத்திரிக்கு ஒரு ஷமாஷ் வீதம் எட்டு சேருங்க, 44. ஷமாஷ் கணக்குல வராதுன்னா பெட்டிக்காரன் எட்டை இனாமாக் குடுக்குறானா? ஒன்பது.

பழைய புரொஜெக்டர்:
பெட்டிக் கணக்கு வேற, சமயக் கணக்கு வேற. அந்த வெளிச்சத்துல படிக்கக் கூடாது, வேலை பாக்கக் கூடாது, பாக்க மட்டும்தான். அதனாலதான் தனியா ஒரு ஷமாஷ், அதையும் உயரமாவோ தள்ளியோ வைக்கிறாங்க, வரிசையில சேரக் கூடாதுன்னு. வரிசையில சேராததை எப்படி எண்ணுவீங்க? பழங்கால யூத அறிஞர்கள்ல ஷம்மாய் மரபு எட்டுல தொடங்கி ஒண்ணாக் குறைக்கச் சொல்லுச்சு, ஹில்லெல் மரபு ஒண்ணுல தொடங்கி எட்டாக் கூட்டச் சொல்லுச்சு, ஹில்லெல் சொன்னது நின்னுச்சு. ரெண்டு பேர் வாயிலயும் ஒன்பது வரல.

எழுத்துப்பிழை:
எண்ணிக்கை கிடக்கட்டும். ஹனுக்கா என்ற சொல்லின் முதல் எழுத்து ஹீப்ரூவில் ‘ஹேத்’. அது தொண்டையைக் காறுவதுபோல் வரும் ஒலி. நம் ‘ஹ’ அதற்கு ஈடாகாது. ‘கனுக்கா’ என்று எழுதினால் கிரந்தமும் வேண்டாம்.

அகல்:
‘கனுக்கா’ன்னா பொங்கல் மறுநாள் வைக்கிற கனுப்பிடியோட சேர்த்துப் படிப்பாங்க. போன தடவை ‘ழ’கரத்துக்கு நாலு பக்கம் இழுத்தது போதும்.

எழுத்துப்பிழை:
அந்த நாலு பக்கத்தில் மூன்று உங்களுடையது.

அகல்:
விஷயத்துக்கு வர்றேன். ஏத்துற முறையே தெரியாம இங்க எண்ணிக்கிட்டு இருக்காங்க. மெழுகுவர்த்தியை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா நிறுத்தணும். ஏத்தும்போது தலைகீழ்: இடது ஓரத்துல புதுசா வந்ததை முதல்ல ஏத்தி வலது பக்கமாப் போகணும். எதை வச்சு ஏத்துறது? ஷமாஷ். ரெண்டு சுடர் ஒட்டிப்போயி ஒண்ணா எரிஞ்சா அது தீப்பந்தம், ரெண்டாக் கணக்கு வராது. நெருக்கி நட்டா பக்கத்துச் சூட்டுல மெழுகு சாயும், அதனால இடைவெளி விடணும்.

2003ஐயே எடுத்துக்குங்க. முதல் ராத்திரி டிசம்பர் 19, எட்டாம் ராத்திரி 26. ரெண்டும் வெள்ளி. வெள்ளியன்னிக்கு ஷபாத் (யூதர்களோட வார ஓய்வு நாள்) விளக்குக்கு முன்னாடி, சூரியன் இறங்குறதுக்குள்ள ஏத்தணும். ஆனா இருட்டினப்புறம் அரை மணி நேரம் எரியணும். பெட்டில வர்ற குட்டி மெழுகுவர்த்தி சுமார் அரை மணி நேரம்தான் தாங்கும், இருட்டுறதுக்குள்ள அணைஞ்சிடும். அன்னிக்கு நீளமானது வேணும், இல்லேன்னா எண்ணெய். அதே 26ல க்வான்ஸாவோட முதல் மெழுகுவர்த்தியும். ஒரே சாயங்காலம், அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒன்பது. ஒன்பது!

பழைய புரொஜெக்டர்:
எட்டு. நீங்களே ‘எட்டாம் ராத்திரி’ன்னுதான் எழுதியிருக்கீங்க.

ரீல்பெட்டி:
படம் என்று ஒன்று இருந்தது, யாருக்காவது நினைவிருக்கிறதா? சாண்டா கிளாஸை அவர் பெற்ற மகன் டேமியனே கொன்றுவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறான். யூதக் குழந்தைகளை மயக்க ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்ற கிறிஸ்துமஸ் படத்தின் திருட்டுப் பிரதியை அவர்களிடம் பரப்புகிறான். நாயகன் பதிலுக்கு யூதக் கதைப் படங்களான ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’, ‘யென்டில்’ விநியோகிக்கிறான். இந்த இடத்தில் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவாக வரும் நோரா டன்னுக்கு மகனைக் குத்திக்காட்டுவதைத் தவிர வேறென்ன எழுதியிருக்கிறார்கள்?

நாலாவது வரிசை:
அது நல்ல கேள்வி சார். யூதரே எழுதி எடுத்தா சொந்த முத்திரையைக் கையில எடுத்து விளையாடுறதுன்னு சொல்லலாம். ஆனா அம்மா பாத்திரம் மட்டும் எங்கயும் திரும்பல, குத்தினது குத்தினபடியே நிக்குது.

அகல்:
அம்மா அப்புறம். முதல்ல விமர்சனத்துல ‘ஏழு’ அப்படியே இருக்கே, அதைத் திருத்தச் சொல்லுங்க.

பழைய புரொஜெக்டர்:
திருத்துறதா இருந்தா ‘எட்டு’ன்னு திருத்தவும்.

எழுத்துப்பிழை:
அப்படியே ‘கனுக்கா’ என்றும்.

ரீல்பெட்டி:
திருத்திவிட்டேன். இப்போது ‘சில மெழுகுவர்த்திகள் ஏற்றும் ஹனுக்கா’ என்று இருக்கிறது. எல்லாருக்கும் மகிழ்ச்சிதானே?

அகல்:
சில இல்ல. ஒன்பது.