புதுப்பிப்பு: குமிழி நின்றுபோன பீர் என்ன ஆச்சு?

போன பதிவில் கேட்டிருந்தேனே, வீட்டில் போட்ட முதல் பீரில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சின்ன அடைப்பு) குமிழி விடுவது சட்டென்று நின்றுவிட்டது, ஈஸ்ட் செத்துவிட்டதா என்று. பாதிப் பேர் "இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடு" என்றீர்கள். ஒருத்தர் மட்டும் "ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்றார். அந்த அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

ஹைட்ரோமீட்டர் என்பது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும். தொடக்கத்தில் 1.042 இருந்தது, இப்போது 1.010. ரெண்டு நாள் விட்டுப் பார்த்தும் அதேதான். அதாவது நொதித்தல் முடிஞ்சாச்சு, ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம். வாளி மூடி சரியாக இறுகாமல் வாயு ஓரமாகவே போயிருக்கிறது. குமிழியை நம்பி எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது, உள்ளே வாயு உண்டாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, கொதித்த தண்ணீரில் கரைத்துச் சேர்த்தேன். இதில் கைதாராளம் கூடாது, பாட்டில் வெடிக்கும். பழுப்புப் பாட்டில்தான், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) நாறிவிடும். பிறகு 20 டிகிரியில் ரெண்டு வாரம்.

நேற்று ஒன்றைத் திறந்தேன். 'புஸ்ஸ்' சத்தம், ரெண்டு விரல் நுரை! அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருந்ததால் கடைசி மடக்கை ஊற்றவில்லை. லேசாகப் பச்சை ஆப்பிள் வாசம் இருக்கிறது. இளம் பீருக்கு அது சகஜம், வைத்திருந்தால் குறையுமாம். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "கடையிலயே வாங்கிக்கலாமே" என்றாள்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: நான் இருப்பது இங்கிலாந்து. சொந்த உபயோகத்துக்கு 1963-லிருந்தே லைசென்ஸ் தேவையில்லை, விற்றால்தான் சிக்கல். அடுத்து ஸ்டவுட் (கருப்பு பீர்) போடப் போகிறேன். நல்ல கிட் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.