1973 ஆல்ஃபா ஸ்பைடர்: ஸ்பீக்காவை வைத்துக்கொள்வதா, வெபருக்கு மாறுவதா?

பொன்வண்டு (சான் ஹோசே)

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரி நாளிலிருந்து மனதில் இருந்த வண்டி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. 1973 ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், 2000 சிசி, வெளிர் மஞ்சள். ஆறு வருடம் கொட்டகையில் கிடந்து, போன மாதம்தான் கிளப்பியிருக்கிறார்கள். குளிரில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகிறது. சூடானபின்தான் தொல்லை: ஐடிலில் நிற்காமல் ஏறி இறங்குகிறது, சைலன்சரில் கறுப்புப் புகை, பக்கத்தில் நின்றாலே பெட்ரோல் வாடை.

அமெரிக்காவுக்கு வந்த வண்டி என்பதால் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பம்ப் ஒன்று அளந்து தெளிக்கும் ஸ்பீக்கா மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் "அதைக் கழற்றி மூலையில் போடு, இரண்டு வெபர் கார்புரேட்டர் மாட்டு" என்கிறார். அடுத்த சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். வாங்கினால் எதில் முதலில் கை வைப்பது? சீட், ஸ்டியரிங், சக்கரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன், பெரிய தொகை இல்லை.

வெபர்40 (ஸ்டுட்கார்ட்)

வாழ்த்துகள். உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஐரோப்பாவில் இதே 2000 எஞ்சின் வெபர், டெலோர்ட்டோ, சோலெக்ஸ் என்று இரட்டைக் கார்புரேட்டரோடுதான் விற்பனையானது. சுமார் 130 குதிரைசக்தி. அமெரிக்கப் புகைச் சட்டத்துக்காகத்தான் 1969-இலிருந்து அங்கே போன வண்டிகளில் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஆகவே வெபர் போடுவது அந்த எஞ்சினுக்கு அதன் சொந்த ஊர் உடுப்பைத் திருப்பித் தருவது போலத்தான்.

இங்கே ஜெர்மனியில் பழைய வண்டிக்கு எச் நம்பர் பலகை வாங்க முப்பது வருடம் ஆகியிருக்க வேண்டும், வண்டி பெரும்பாலும் அசல் நிலையில் இருக்க வேண்டும், மாற்றம் இருந்தால் அந்தக் காலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த என் ஸ்பைடரை வெபருக்கு மாற்றித்தான் அந்தப் பலகை வாங்கினேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

இன்னொன்று, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்தால் சாலையோரத்திலேயே கழற்றி ஊதிவிடலாம். ஸ்பீக்கா பம்ப் நின்றால் என்ன செய்வீர்கள்? இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

நாலு பிளஞ்சர் (நியூ ஜெர்சி)

வெபர்40 அண்ணா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் நான் வருடக்கணக்காக வாதாடுகிறேன்.

பொன்வண்டு, அந்தப் பம்பை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எஞ்சின் முன்னால் பல் வைத்த பெல்ட்டில் ஓடுகிறது. உள்ளே பெட்ரோலைத் தள்ளும் நான்கு பிளஞ்சர், சிலிண்டருக்கு ஒன்று. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒரு முப்பரிமாண கேம், அதாவது மேடுபள்ளமாகக் கடைந்த உலோகத் துண்டு. எஞ்சின் வேகம் ஏறினால் அது ஒரு திசையில் நகர்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னொரு திசையில் திரும்புகிறது, அந்தக் கேமின் மேட்டில் எந்தப் புள்ளி முள்ளைத் தொடுகிறதோ அந்த அளவு பெட்ரோல். இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. இதைச் செய்த ஸ்பீக்கா ஆல்ஃபாவின் சொந்தத் துணை நிறுவனமாக இருந்தது. அப்படியிருக்க, வெபர் மட்டும்தான் ஊர் உடுப்பு என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வண்டியின் நோய்க்கும் வருகிறேன். குளிரில் நன்றாக ஓடி, சூடானபின் கறுப்புப் புகை. இது பத்தில் எட்டு முறை பம்பின் குற்றமே அல்ல. பம்பின் மேல் தெர்மோஸ்டாட்டிக் ஆக்சுவேட்டர் என்று ஒரு சிறு உருளை நிற்கும். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் தண்ணீருக்குப் போகும். தண்ணீர் சூடானால் உருளையின் முனை நீண்டு, பெட்ரோலைக் குறைக்கச் சொல்லும். ஐம்பது வருடத்தில் அந்தச் செப்புக் குழாய் எங்காவது விரிசல் விட்டு உள்ளே இருப்பது கசிந்துபோகும். அப்புறம் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் பம்புக்கு அது தெரியாது, சோக் இழுத்த மாதிரியே ஊட்டிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு போங்கள். வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, பம்பின் மேலிருக்கும் ரிலே கிராங்க் என்ற நெம்புகோலுக்கும் அதன் அளவு ஸ்க்ரூவுக்கும் நடுவே பாருங்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கணிசமாகக் குறைந்தால், அல்லது இடைவெளியே இல்லாவிட்டால், ஆக்சுவேட்டர் போய்விட்டது. புதிதாகச் செய்து விற்கிறார்கள், பம்பைக் கழற்றாமலே மாற்றலாம். வண்டி மறுநாளே வேறு வண்டி ஆகிவிடும்.

வெபர்40 (ஸ்டுட்கார்ட்)

ஆக்சுவேட்டர் போயிருந்தால் நல்லதுதான். பிளஞ்சரே தேய்ந்திருந்தால்? பெட்ரோல் பிளஞ்சரைத் தாண்டி எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். நான் வாங்கியபோது என் வண்டியில் அதுதான் நடந்தது. டிப் ஸ்டிக்கை இழுத்து மூக்கருகே கொண்டுபோனேன், ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது, பெட்ரோல் பங்க்கில் நிற்பது போல வாடை. அந்த ஆயிலில் ஓடிய பேரிங்குகளைப் பார்த்தபோது மனம் உடைந்துவிட்டது. பம்பை முழுதாகப் புதுப்பிக்கத் தெரிந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான், ஐரோப்பாவில் இன்னும் குறைவு. அந்தப் பணத்தைக் கொண்டு வெபர் மாற்றத்தில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

நாலு பிளஞ்சர் (நியூ ஜெர்சி)

பெரும்பகுதி என்று சொல்லும்போது கணக்கையும் சொல்ல வேண்டும் அண்ணா. கார்புரேட்டர் இரண்டு வாங்கினால் முடிந்துவிடாது. வேறு மேனிஃபோல்டு, வேறு ஆக்சிலரேட்டர் லிங்கேஜ், ஏர் பாக்ஸ், குறைந்த அழுத்தப் பெட்ரோல் பம்ப் எல்லாம் வேண்டும். டாங்கிலிருந்து ஸ்பீக்காவுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பை அப்படியே வெபரில் இணைத்தால் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழிந்துவிடும், சூடான எஞ்சின் மேல் அது விளையாட்டு இல்லை. பிறகு கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மவுண்ட். ஆல்ஃபாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், அது சில வருடத்தில் வெடிப்பு விட்டு அடியில் காற்றை இழுக்கும், ஜெட்டை மாற்றி மாற்றி அலுத்துப்போவார்கள்.

உயரத்தையும் யோசியுங்கள். பொன்வண்டு சான் ஹோசேயில் இருக்கிறார். லீவு நாளில் டாஹோ ஏரிக்குப் போனால் 2,000 மீட்டருக்கு மேல் கணவாயைத் தாண்ட வேண்டும். காற்று மெலிந்தால் பெட்ரோலையும் குறைக்க ஸ்பீக்காவில் பாரோமெட்ரிக் கேப்ஸ்யூல் இருக்கிறது. வெபருக்கு மலையும் கடலும் ஒன்றுதான்.

வெபர்40 (ஸ்டுட்கார்ட்)

ரப்பர் மவுண்ட் உண்மை. நான் இரண்டுமுறை மாற்றிவிட்டேன், கார்புரேட்டரின் அடியில் ஸ்ப்ரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமே ஆகிவிட்டது. உயரத்தைப் பற்றி: இத்தாலிய ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். வெபரோடு ஏறியிருக்கிறேன். மேலே ஐடில் தடுமாறியது, பிளக் கொஞ்சம் கறுத்தது, கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. இரண்டாம் கியரில் வளைவைவிட்டு வெளியேறும்போது இரண்டு கார்புரேட்டரின் நான்கு வாயும் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும். இந்த வண்டியை அதற்காகத்தானே வாங்குகிறோம்?

டிங்கர் பட்டறை (பாஸ்டன்)

இரண்டு பேரும் மன்னிக்கவும். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவர்கூடத் துருவைப் பற்றிப் பேசவில்லை. தம்பி பொன்வண்டு, இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. கூரையும் இல்லை. கதவுக்கு அடியில் ஓடுகிற சில்தான் முன்னையும் பின்னையும் பிடித்து வைத்திருக்கிறது. அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. வெளித்தகடு பளபளப்பாக இருக்கும், நடுவில் இருப்பது பொடியாகியிருக்கும். எஞ்சினில் எந்தத் தவறு இருந்தாலும் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். சில் போன வண்டியில் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கரையே கிடையாது.

என் முதல் ஸ்பைடர் சிவப்பு. பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. விற்றவர் நல்ல மனிதராகவே தெரிந்தார். வீட்டுக்கு வந்து இடது பக்கம் ஜாக் வைத்துத் தூக்கினேன். கதவைத் திறந்தேன், திரும்ப மூட முடியவில்லை. உடல் நடுவில் தொய்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பட்டி, அதன் அடியில் கண்ணாடி இழைத் துணி, அதன் அடியில் ஒன்றுமே இல்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. அதற்கப்புறம்தான் வெல்டிங் கற்றுக்கொண்டேன், இன்று வார இறுதிகளில் எனக்கு அதுதான் வேலை.

ஆகவே ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில் முழுக்க, சக்கர வளைவின் கீழ்ப்பகுதி, முன் மூக்கின் அடி, ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே போகும் தகடு என்று எல்லா இடத்திலும் ஒட்டிப் பாருங்கள். டிக்கியில் கம்பளத்தைத் தூக்குங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது, ஆசிட் சிந்தி அடித்தகட்டைத் தின்றிருக்கும். ஸ்டெப்னி குழியில் தண்ணீர்க் கோடு தெரிகிறதா பாருங்கள். துணிக்கூரை மடங்கும் இடத்தில் தண்ணீர் வடிய ஒரு குழாய் உண்டு, அது இலை தழையால் அடைத்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். விற்பவர் சம்மதித்தால் ஜாக் வைத்து நான் செய்த அதே கதவுச் சோதனையையும் செய்யுங்கள். சம்மதிக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் சாலையில் உப்பு கொட்டும் ஊர்கள் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பொறாமைப்படுகிறேன்.

மஞ்சள் வெளிச்சம் (சாக்ரமென்டோ)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 1975-ம் அதற்கு முந்தைய மாடலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் புகைச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. உங்களுடையது 1973 என்பதால் அந்தச் சோதனை உங்களுக்குக் குறுக்கே வராது. இதே கேள்வியை 1978 ஸ்பைடர் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் வெபர் பேச்சையே எடுக்கக் கூடாது, சோதனையில் கண்ணால் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சீட், ஸ்டியரிங் கேட்டீர்கள். நார்டி கம்பெனியின் மர ஸ்டியரிங் அழகுதான், மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றிய அசல் ஸ்டியரிங்கைப் பத்திரமாக வையுங்கள். 15 அங்குல அகலச் சக்கரம் வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, பார்க்கிங்கில் தோள் வலிக்கும், மட்கார்டிலும் உரசும். அசல் 14-ஐயே வைத்துப் புது டயர் போடுங்கள். பழைய டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். கொட்டகையில் கிடந்த டயரில் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். பிரேக் ரப்பர் குழாய்களும் அப்படித்தான். ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள், எர்த் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பாதி மின் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று. அலுமினிய ஆயில் சம்ப் தாழ்வாகத் தொங்குவதால் அதன் அடியில் ஒரு காப்புத் தகடு. இவ்வளவுக்கும் அப்புறம் மிச்சம் இருந்தால் சீட் தைக்கலாம்.

பொன்வண்டு (சான் ஹோசே)

போய் வந்துவிட்டேன். நான்கு மணி நேரம் இருந்தேன். அந்த வீட்டு அம்மா காபி போட்டுத் தந்தார், வண்டி அவருடைய கணவருடையது. 1973-இல் வாங்கிய ரசீது முதல் எல்லாம் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். இத்தாலியின் அரேசேயில் ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகத்துக்குச் சேஸிஸ் நம்பரை அனுப்பி வாங்கிய கடிதமும் அதில் இருந்தது. மஞ்சள்தான் அசல் நிறம்.

இடது சில்லில் காந்தம் முழுக்க ஒட்டியது. வலது சில்லில் பின்பக்கம், உள்ளங்கை அளவு இடத்தில் நழுவி விழுந்தது. ஜாக் வைத்தோம், கதவு மூடியது, ஆனால் பின் விளிம்பில் இடைவெளி கொஞ்சம் குறைந்தது. டிக்கி காய்ந்திருந்தது. இரண்டாம் கியர் குளிரில் உறுமியது, சூடானதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை, ஆக்சுவேட்டர் போய்விட்டது. டிப் ஸ்டிக்கில் லேசான பெட்ரோல் வாடை. வெபர்40 அண்ணா சொன்ன அளவுக்கு இல்லை, ஆயில் பிசுபிசுப்பாகவே இருந்தது.

வலது சில்லைக் காட்டி விலை பேசினேன். அவரும் ஒப்புக்கொண்டார். வண்டி இப்போது என் வீட்டு கராஜில் நிற்கிறது, இழுவை வண்டியில்தான் கொண்டுவந்தேன்.

புது ஆக்சுவேட்டருக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். ஆயில் மாற்றி 500 மைல் ஓட்டிவிட்டு மறுபடி டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பேன்.

வெபர்40 (ஸ்டுட்கார்ட்)

மனதார மகிழ்ச்சி. வாடை திரும்ப வந்தால் ஓட்டாமல் எழுதுங்கள். என்னிடம் ஒரு மேனிஃபோல்டு உபரியாக இருக்கிறது, தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும். என் கருத்து மாறவில்லை.

நாலு பிளஞ்சர் (நியூ ஜெர்சி)

என்னுடையதும்தான். ஆக்சுவேட்டர் வந்ததும் லிங்கேஜ் தண்டுகளின் நீளத்தை அளந்து போடுங்கள், முந்தைய மெக்கானிக்குகள் அதைத்தான் கண்டபடி திருகியிருப்பார்கள்.

பொன்வண்டு (சான் ஹோசே)

டிங்கர் அண்ணா, வலது சில்லை இந்த மாதமே வெட்டலாம் என்றிருக்கிறேன். கதவைக் கழற்றிவிட்டு வெட்ட வேண்டுமா, மாட்டியபடியா?

டிங்கர் பட்டறை (பாஸ்டன்)

மாட்டியபடியே. கதவுதான் உங்கள் அளவுகோல். வெட்டுவதற்கு முன் வண்டியை நான்கு சக்கரத்தின் மேலேயே சமதளத்தில் நிறுத்துங்கள், ஜாக்கில் அல்ல. கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு உள்பக்கமாக, கதவு மூடும் வழியில் இல்லாமல், ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்து இறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கையும் ஒரேயடியாக அறுக்காதீர்கள், வெளித்தகட்டை மட்டும் திறந்து நடுத்தகட்டின் படத்தை இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.