தட்டில் காய் எவ்வளவு?

கவிதா: வகுப்பில் இன்று பார்த்த கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. 2017-18இல் நாடு முழுக்க எடுத்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 98 சதவீதம் பேருக்கு மேல் காய், பழம் போதுமான அளவு சாப்பிடவில்லை.

சுந்தர் சித்தப்பா: நம்ம வீட்டுக்கு அது பொருந்தாதும்மா. சாம்பார், கூட்டு, பொரியல் இல்லாமல் என்றைக்காவது சமைத்திருக்கிறோமா?

கவிதா: தினமும் இருக்கிறது சித்தப்பா, அளவுதான் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம், காயும் பழமும் சேர்த்து, அதிலும் உருளைக்கிழங்கு, மரவள்ளி சேராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் காய், கீரை 400, பழம் 100 என்று அதற்கும் கூடுதலாகவே சொல்லியிருக்கிறது. சாம்பாரில் வரும் ரெண்டு முருங்கைத் துண்டையும் ஒரு கரண்டி பீன்ஸ் பொரியலையும் எடை போட்டுப் பாருங்கள், பாதிகூட வராது.

அருண்: நான் மதியம் லெமன் சாதமும் சிப்ஸும்தான். ஜூஸ் குடிக்கிறேனே அக்கா, அது கணக்கில் வராதா?

கவிதா: இங்கிலாந்தில் காயும் பழமும் தினம் ஐந்து பங்கு, பங்குக்கு 80 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜூஸ் எத்தனை கிளாஸ் குடித்தாலும் அதில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அங்கே 2018இல் தினம் ஐந்து பங்கு சாப்பிட்டவர்கள் பெரியவர்களில் 28 சதவீதம், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதம்தான். உன் வயதுக்காரர்கள் அங்கேயும் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

மீனா அத்தை: விலையையும் சொல்லு கவிதா. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டார்களே. ஆப்பிள் வாங்கினால் மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் நறுக்கிக் கொடுப்பதோடு சரி.

கவிதா: நான் சொல்ல வந்ததே அதுதான் அத்தை. வீட்டுக்கு ஒரு கிலோ பழம் வந்தது என்றால் எல்லாரும் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் நறுக்குகிறவர் தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, கடைசியாக உட்காரும்போது பொரியல் சட்டியில் தாளித்த கடுகுதான் மிச்சம் இருக்கும். அத்தை, உங்கள் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். ஆப்பிளே வேண்டாம், கொய்யா, பப்பாளி போதும், விலையும் கட்டுப்படியாகும்.

அருண்: அம்மா, நாளையிலிருந்து நான் எடுத்து வைக்கிறேன்.

சுந்தர் சித்தப்பா: சரி, காலையில் கோயம்பேடு போகிறேன். கொய்யா, பப்பாளி, அரைக்கீரை. வேறு என்ன வேண்டும் என்று மீனா சொல்லட்டும்.

மீனா அத்தை: எனக்கு சப்போட்டா பிடிக்கும்ணா. அரை கிலோ.

சுந்தர் சித்தப்பா: ஒரு கிலோவாகவே வாங்குகிறேன்.